பங்களா மேட்டுக்கு ஒரு பச்சைக் கார்

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இழுவை லாரி அப்போதுதான் எங்கள் தெருவைவிட்டுப் போயிருந்தது. ஈப்போ குனோங் ராபாட் வரிசை வீடுகளின் போர்ச் ஒரு காருக்கே இறுக்கமானது. ஆனால் அன்று வந்து இறங்கிய கார் அதில் பாதியைக்கூட நிறைக்கவில்லை. கூரை கிடையாது. இருக்கைகள் இரண்டுதான். முன்விளக்குகளில் ஒன்று உள்ளே அமுங்கி, கண் செருகிய முகம்போல இருந்தது. ஊறிப்போன தோலும் எலி மூத்திரமும் பழைய எண்ணெயும் சேர்ந்து ஒரு நாற்றம்.

அம்மா வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"என்னா இது, கூரைய வாங்க மறந்துட்டியா?"

"இது கூரை இல்லாத காரும்மா."

"மழ பேஞ்சா?"

"நனையணும்."

"நனையறதுக்கு உங்கப்பா மோட்டர்சைக்கிள் இருக்கே லா. அதுக்கு எதுக்கு தனியா ஒரு காரு?"

அப்பா சிரிக்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து முன்பக்கப் பலகையில் இருந்த வட்ட வட்டமான கடிகாரங்களைப் பார்த்தார். பின்பக்கம் போய் டிக்கியை நெடுநேரம் பார்த்தார். கை மட்டும் முதுகைவிட்டு வரவே இல்லை.

"தொட்டுப் பாருங்கப்பா," என்றேன்.

"பாக்கறேன்லம்மா. கண்ணாலதான பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் எத்தனையோ கார் இருக்க, தவணைக்குப் புதுசாகவே ஒன்றை எடுக்கக்கூடிய சம்பளம் இருக்க, ஓடாத இந்தத் தகரத்தை நான் வாங்கியது அவருக்காக. இது எந்தக் கார் என்று அவருக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல நின்றார்.

நான் நினைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரில் என் பக்கத்து இருக்கையில் அப்பாவை உட்காரவைக்க வேண்டும். சுங்காயில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்து மேட்டில், துரை பங்களாவின் முகப்பில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலி வீட்டுக்கு மரியாதை

ஏன் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோ நான்கோ படித்த காலம். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த என்னை அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பங்களா மேட்டுக்குப் பிரியும் முனை வந்தது. அப்பா எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். என்னையும் இறங்கச் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்த முனையைக் கடந்தார். ஒரு மரத்தைத் தாண்டியதும் மறுபடி ஏறி உதைத்துக் கிளப்பினார்.

"பெட்ரோல் முடிஞ்சிருச்சாப்பா?"

"இல்லயே."

"அப்புறம் எதுக்கு எறங்கினோம்?"

"தொர பங்களாம்மா. இங்க வண்டியில ஒக்காந்துட்டுப் போகக்கூடாது. எறங்கித்தான் போகணும்."

நான் மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். பங்களாவில் யாரும் இல்லை. யாரும் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கண்ணாடிகள் உடைந்து, கூரை ஓட்டின் இடுக்கில் செடி முளைத்திருந்தது. அப்பா மரியாதை கொடுத்தது குரங்குகளுக்கும் வௌவால்களுக்கும்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கமாகச் சொல்லச் சொல்லி அறிவுரை சொன்னவர்கள் யாருக்கும் அப்பன் ஒரு காலி வீட்டுக்காக வண்டியைவிட்டு இறங்கியதில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதற்கு ஒரு வாசகி பதில் போட்டிருந்தார். "தோட்டத்தில் எவ்வளவு ஒற்றுமை இருந்தது, உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கசப்பு?" என்று கேட்டிருந்தார். ஒற்றுமை இருந்தது, அம்மா. ஒரே குழாய்க்கு முன்னால் லயத்து வாளிகள் எல்லாம் ஒற்றுமையாகத்தான் வரிசையில் நின்றன. தண்ணீர் வராத நாளில் அந்த ஒற்றுமை எப்படி இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கிராணியார் மகன்

தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆள் கிராணி. அலுவலகக் குமாஸ்தாதான். ஆனால் நாள்கூலிக்குப் பேர் போடுவதும் பேரை வெட்டுவதும் அவர் கையில் இருந்ததால், துரையைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். எங்கள் தோட்டத்துக் கிராணியார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறியபோது தன் பச்சை நிற ரோட்ஸ்டரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அப்போது மீசை அரும்பாத பையன்.

அந்தக் காரைப் பற்றி அப்பா பேசிக் கேட்டு வளர்ந்தவள் நான். சாராயம் குடிக்காத மனிதர், எப்போதாவது ஒரு மாதிரி உற்சாகத்தில் இருந்தால் அதைப் பற்றிப் பேசுவார். மேட்டில் அது ஏறும்போது வரும் சத்தம். மழையில் அதன் கித்தான் கூரையை இழுத்து மூடும் விதம். "அந்தக் காரு எனக்கு நல்லாத் தெரியும்," என்று முடிப்பார். சின்ன வயதில், அவர் அதில் ஏறிப் போயிருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது இன்னும் இருக்கிறது என்று சொன்னது குமார் அண்ணன். புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான்.

"தங்கச்சி, கிராணி மகன் ஆஸ்திரேலியாவுக்கு மககிட்டப் போறாராம். வீட்டுச் சாமானெல்லாம் விக்கிறாரு. அந்தப் பச்சக் காரும் இருக்கு. பழைய காரு சேக்கறவனுங்க வந்து பாத்துட்டு, பானெட்டத் தொறந்த ஒடனே மூஞ்சத் திருப்பிட்டுப் போயிட்டானுங்க."

"ஏன்?"

"உள்ள இருக்கறது வெள்ளக்காரன் எஞ்சினு இல்ல. ஜப்பான் எஞ்சினு."

ஈப்போவில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஜப்பானில் கழித்த கார்களை நடுவில் இரண்டாக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். ஹாஃப்-கட் என்று பெயர். அதிலிருந்து எஞ்சினைக் கழற்றி எதில் வேண்டுமானாலும் பொருத்துவார்கள். கூட்டுவண்டிக்குத் தங்கப்பல் கட்டுகிற மாதிரி என்று குமார் அண்ணன் சொல்வார்.

கிராணியார் மகனுக்கு எழுபது வயது இருக்கும். நல்ல மனிதர்தான். எனக்கு நாற்காலி போட்டார், குளிர்ந்த பார்லி கொடுத்தார்.

"என்ஜினியரோ நீர்? மெத்தச் சந்தோஷம் பிள்ளை. எந்த இடம்?"

"சுங்காய்."

"சுங்காயில எங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஓ... லயத்துப் பிள்ளையோ."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை வருகிறதோ என்று கேட்பதுபோலக் கேட்டார்.

பிறகு காரைக் காட்டினார். எஞ்சினை மாற்றியது அவர்தான். பழைய எஞ்சின் வெடித்துப் போய், உதிரி கிடைக்காமல், இளவயதில் ஒரு வேகத்தில் ஹாஃப்-கட் எஞ்சினை இறக்கியிருக்கிறார். உயரம் பத்தாமல் பானெட்டை வெட்டி ஒரு கூம்பு வைத்திருந்தார்கள். "அப்பா அதுக்குப் பிறகு இதில ஏறவேயில்ல பிள்ளை. என்னோட கன நாள் கதைக்கவும் இல்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகமும் ஒரு பிள்ளையின் முகமாகத்தான் இருந்தது.

"ஆனா பெயிண்டைப் பாரும். கம்பெனியில அடிச்ச அதே பெயிண்ட். அப்பா அப்பிடிப் பாதுகாத்தவர். ஒருத்தர்ட கையும் இதில படவிடமாட்டார்."

நான் பேரம் பேசவில்லை. அந்த வீட்டு போர்ச்சில், அந்த மனிதர் முன்னால், குறைத்துக் கொடுங்கள் என்று என் வாயால் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வெளியே வந்ததும் குமார் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரே கொறைக்கத் தயாரா இருந்தாரு தங்கச்சி! நீ பெரிய மகாராணி மாதிரி சரிங்கற!"

"சரின்னுதான் சொல்லணும்ணே."

"ஆமா, சொல்லு. நாளைக்கு ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரன்கிட்டயும் இதே மாதிரி சொல்லு."

உப்புத்தாள்

அப்பாவிடம் காட்டிய பிறகு காரைக் குமார் அண்ணனிடம் இழுத்துப்போனோம். பல மாதச் சனி ஞாயிறுகள் புந்தோங் பட்டறையில் போயின. பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியும் எதிர்க்கடைக் கறிமசால் வாசனையும் இல்லாமல் அந்த நாட்களை என்னால் நினைக்க முடியவில்லை.

வயரிங்கை முழுக்கப் பிடுங்கி எறிந்து நானே புதிதாக இழுத்தேன். தொழிற்சாலையில் நான் செய்யும் வேலையே அதுதான். என்னோடு வேலை செய்யும் ஒருவர், "உங்க ஆளுங்க கார் வாங்கினா பின்னால றெக்கை வெப்பாங்க, பெரிய ஸ்பீக்கர் வெப்பாங்க, நீ என்ன இப்படி?" என்று சிரித்தார். உங்க ஆளுங்க என்ற அந்தச் சொல்லை நான் எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன் என்று தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

குமார் அண்ணனுக்கு வேலையைவிட வாய்தான் வேகம். "வெள்ளக்காரன் ஒடம்பு, ஜப்பான்காரன் நெஞ்சு, ஓட்டறது தமிழச்சி. போலீஸ் நிப்பாட்டினா எந்த மொழியில பேசறதுன்னு அவனுக்கே தெரியாது."

பெயிண்ட் வேலையை மட்டும் யாருக்கும் விடவில்லை. யார் கையும் படாத அந்தப் பெயிண்ட்டை நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். கையுறை போடாமல் தேய்த்தேன். நகக்கண் எல்லாம் பச்சையானது. உள்ளங்கையால் தடவித் தடவி மேடு பள்ளம் பார்த்தேன். அந்தத் தேய்ப்பில் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன். தகரம் வெளுத்துத் தெரியும்வரை தேய்த்தேன்.

"சிவப்பு அடிக்கலாமா?" என்றார் குமார் அண்ணன். "இந்த மாதிரிக் காருக்கு சிவப்புதான் எடுப்பு."

"அதே பச்சைதான்ணே."

"அந்தப் பச்சையத்தான இத்தன நாளா சொரண்டிட்டிருந்த?"

"அது அவங்க பச்சை. இது நான் அடிக்கிற பச்சை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனார்.

அப்பாவும் சில நாள் பட்டறைக்கு வருவார். சலவைக்கல் தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடித்து, பொட்டலத் தேத்தண்ணியை மோட்டார் சைக்கிள் கொக்கியில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் காரின் பக்கத்தில் போய் நிற்பார். கைகள் தானாகப் பின்னால் போய்விடும். ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

"உங்க கையில என்ன முள்ளா இருக்கு? ஒரு தடவ தொட்டா என்னப்பா?"

"வேல செய்யறவங்களுக்கு எடைஞ்சலா எதுக்கும்மா," என்று நகர்ந்துகொண்டார்.

வெட்கம் என்று நினைத்தேன். பிறகு, பழைய பயம் என்று நினைத்தேன். அதை உடைக்கத்தானே இத்தனை பாடு என்றும் நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினுக்கு ஏற்ற ரேடியேட்டர் அந்தக் குட்டிக் காரின் மூக்கில் அடங்கவில்லை. சின்னதைத்தான் வைத்திருந்தோம். "ரோட்டுல ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்ல," என்றார் குமார் அண்ணன். "மேட்டுல மட்டும் நிக்காதே. நின்னா சூடேறிரும்." எனக்கும் அது தெரிந்ததுதான். எஞ்சின் மாற்றம் பதிவாகி, சோதனை முடிந்து, சாலையில் ஓட்டலாம் என்று ஆனபோது மழைக்காலம் முடிந்திருந்தது.

பீடோர் வழியாக

பங்களாவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் அப்பா வரமாட்டார். எனவே தோட்டத்து முனியாண்டி கோயிலில் காருக்குப் பூசை போடலாம் என்றேன். லயம் இடிந்து, ரப்பர் அழிந்து, எண்ணெய்க்கான செம்பனை ஆனபிறகும் அந்தக் கோயில் மட்டும் நிற்கிறது.

காலையில் கிளம்பினோம். அப்பா கதவுப் பக்கம் வந்து நின்றார். நான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிடும்வரை நின்றார். உட்கார்ந்ததும் கதவை முழங்கையால் இழுத்துச் சாத்தினார்.

"தரையில ஒக்காந்துட்டுப் போற மாதிரி இருக்கும்மா."

"பிடிக்கலயா?"

"அப்பிடி இல்ல. லோரிச் சக்கரம் காதுகிட்ட வருது."

நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கம்பார், தாப்பா வழியாகப் பழைய சாலையில் போனேன். காற்று அப்பாவின் நரைத்த முடியைச் செங்குத்தாக நிறுத்தியது. தாப்பாவுக்கு முன்னால் ஒரு லாரிக்காரர் எங்களைக் கடக்கும்போது ஹார்ன் அடித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பா திடுக்கிட்டு, பிறகு மெதுவாகத் தன் கையைத் தூக்கி ஆட்டினார். சிரித்தார். ஒரு பல் போன இடம் தெரிந்த சிரிப்பு. அந்த ஒரு சிரிப்புக்கே வாங்கிய விலையும் தேய்த்த தேய்ப்பும் சரியாகிவிட்டது என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

பீடோரில் கொய்யா வாங்கினோம். உப்புப்புளித் தூளை மடியில் சிந்தாமல் அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து, "இது நம்ம காருப்பா, சிந்தினா துடைச்சிக்கலாம்," என்றேன். தலையை ஆட்டினார். அதன்பிறகும் சிந்தாமல்தான் சாப்பிட்டார்.

கோயிலில் பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். "காரு ரொம்பப் பழசு. பழம் நசுங்கறதுக்கு முன்னால அது காரத் தள்ளிவிட்டுராம பாத்துக்க," என்றார். பழங்கள் நசுங்கின. அப்பா நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குத்தான் திரும்புகிறோம் என்று நினைத்திருப்பார்.

மேடு

பங்களா இப்போது காலியாக இல்லை. கோலாலம்பூர்க்காரர்கள் யாரோ குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, தங்கும் விடுதியும் காப்பிக் கடையுமாக ஆக்கியிருக்கிறார்கள். கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள். ரப்பர் பால் சேர்க்கும் பீங்கான் கோப்பையில் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுக்கிறார்கள். பால் வெட்டிய காலத்தில் அந்தக் கோப்பை உடைந்தால் அம்மாவின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

முனை வந்ததும் நான் காரை மேட்டுப் பக்கம் திருப்பினேன்.

"எங்கம்மா போற?"

"மேல. தேத்தண்ணி குடிக்க."

"கீழ கடையில குடிக்கலாம்லா."

அப்பாவின் வலது கால், பிரேக் இருக்கும் இடம் என்று நினைத்து, வெறும் தரையை மிதித்தது.

"நிப்பாட்டு பாப்பா. நீ ஓட்டிட்டுப் போ. நான் நடந்து வாரேன்."

"நீங்க எறங்கக் கூடாதுன்னுதான் இந்தக் காரையே வாங்கினேன்."

நான் இரண்டாம் கியரில் ஏறினேன். எஞ்சின் சத்தம் இரண்டு பக்கச் செம்பனையிலும் மோதித் திரும்பியது. அப்பா சொல்லிச் சொல்லி நான் காதுக்குள் வைத்திருந்த சத்தம் அது இல்லை. அவர் சொன்னது வெள்ளைக்காரன் எஞ்சினின் சத்தம். பரவாயில்லை என்று நினைத்தேன்.

பாதி மேட்டில் எதிரே ஒரு வேன் இறங்கியது. கல்யாணக் கூட்டம். ஒற்றைத் தடம், ஒரு பக்கம் வாய்க்கால். ஒதுங்கி நின்றேன். அதற்குப் பின்னால் இன்னொரு வேன். பிறகு ஒரு கார். வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு வழியில்லை. வழி கிடைத்து மறுபடி கிளப்பினேன். கடைசி வளைவு தாண்டி ஏற்றம் தணியும் இடம்வரை வந்தது. பங்களாவின் முகப்பும் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் தெரிந்தார்கள். அங்கே பானெட் கூம்பிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்ப, எஞ்சின் நின்றுபோனது.

பின்னால் வந்த பெரிய வண்டி ஒன்று ஹார்ன் அடித்தது. இறக்கத்தில் பின்னோக்கி விடவும் இடமில்லை.

அப்பா இறங்கினார்.

பொத்தான்களைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்று, அதை நான்காக மடித்தார். பின்பக்கம் போனார். நான் கைப்பிரேக்கை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். குனிந்து தள்ளுபவரின் முகம் அதில் தெரியும் என்று காத்திருந்தேன்.

முகம் தெரியவில்லை. நரைத்த பின்தலையும் பிடரியும்தான் தெரிந்தன.

அப்பா காருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மடித்த சட்டையை இடுப்புக்கும் டிக்கிக்கும் நடுவில் வைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, முதுகால் தள்ளினார்.

"என்னப்பா செய்யறீங்க? திரும்பித் தள்ளுங்க!"

"இப்பிடித்தாம்மா தள்ளணும் இந்தக் காரை."

"யார் சொன்னது?"

"கிராணி. ரப்பர்ப் பால் ஒட்டின கை நமக்கு. கழுவினாலும் பிசுக்குப் போகாது. பெயிண்ட்ல பட்டா கறுப்பாத் திட்டு விழும்னு கத்துவாரு. மேட்டுல தினம் நின்னுபோயிரும். காலையில ஆள் எண்ற பெரட்டு முடிஞ்ச ஒடனே எங்களத்தான் கூப்புடுவாங்க. தொர ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு முன்னாலயே பாத்துட்டு இருப்பாரு."

எனக்கு நல்லாத் தெரியும் என்று அவர் சொன்ன கார்.

"அப்பா, நீங்க பால் மரம் வெட்டறத விட்டு எத்தன வருசமாச்சு? உங்க கையில இப்ப பால் இல்ல. அந்தப் பெயிண்ட்டும் இல்ல. அத நான் சொரண்டிப் போட்டுட்டேன். இது நான் அடிச்ச பெயிண்ட்டுப்பா."

"அதாம்மா," என்றார். மூச்சு வாங்கியது. "நீ அடிச்சதுல்ல. அதுக்குத்தான் இன்னும் கவனமா இருக்கணும்."

நான் கதவைத் திறந்தேன். "நானும் தள்ளறேன்."

"ஸ்டியரிங்க யாரு புடிக்கறது? வாய்க்காலுக்குள்ள போயிரும். நீ ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன்.

பங்களாவின் காவலாளி ஓடிவந்தார். நேப்பாளத்துக்காரர், நடுவயது. வந்தவர் எல்லோரும் செய்வதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியில் பதித்தார். அப்பா பதறிவிட்டார்.

"பாங், தாஙான் ஜாஙான். பெலாகாங், பெலாகாங். மாச்சாம் இனி."

கையால் வேண்டாம், முதுகால், இதோ இப்படி. காவலாளி ஒரு நொடி விழித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, அப்பாவைப் பார்த்து அதேபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பி நின்றார். இப்போது கண்ணாடியில் இரண்டு பின்தலைகள்.

கார் நகர்ந்தது. பின்னால் வந்த பெரிய வண்டி, கண்ணாடியை இறக்காமல், ஏசிக் குளிருக்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்க, எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து கைப்பேசிகளைத் தூக்கினார்கள். யாரோ கைதட்டினார்கள். விடுதிக்காரர்கள் ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்திருக்கலாம். பழைய பங்களா, பழைய கார், தள்ளுவதற்குப் பனியன் போட்ட ஓர் ஆள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகப்பின் நிழலுக்குள் கார் வந்து நின்றது. நான் நினைத்திருந்த அதே இடம்.

பரிமாறும் பெண் ஒருத்தி படியிறங்கி ஓடிவந்தாள். தமிழ்ப்பெண், எனக்குத் தங்கை ஆகக்கூடிய வயது. கையில் ஐஸ்கிரீம் வைத்த பீங்கான் கோப்பை.

"அங்கிள், சூப்பர் லா! எல்லாரும் வீடியோ எடுத்திட்டாங்க. திரும்பி நின்னு தள்ளினீங்களே, அது அந்தக் காலத்து ஸ்டைலா?"

"ஆமாம்மா," என்றார் அப்பா. "அந்தக் காலத்து ஸ்டைலுதான்."

"உள்ள வாங்க அங்கிள். ஒக்காருங்க."

"இருக்கட்டும்மா. வேர்வையா இருக்கு."

அவர் படி ஏறவில்லை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். எல்லாப் பொத்தான்களையும், கழுத்துப் பொத்தான்வரை, மாட்டினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டிக்கிப் பக்கம் குனிந்து, வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்துச் சாய்த்து, நான் அடித்த பச்சையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார்.

நிமிர்ந்து என்னைத் தேடினார். என் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்:

"கை படலம்மா. பாத்துட்டேன். ஒரு எடத்துலகூடப் படல."